எங்களிடம் திருட என்ன இருக்கிறது?

சைபர் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று யாராவது கேட்டால், பல அலுவலகங்களில் தயாராக இருக்கும் பதில்கள் நான்கு. அவற்றை நடந்த கதைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை: எங்களிடம் திருட ஒன்றுமில்லை.

உண்மை: 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற தீநிரல், சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பூட்டைத் திறக்க முதலில் கேட்ட தொகை மருத்துவமனைக்கும் 300 டாலர், வீட்டுக் கணினிக்கும் 300 டாலர். உள்ளே இருப்பது யார் என்று அது பார்க்கவே இல்லை. விண்டோஸில் ஓர் ஓட்டை அடைபடாமல் இருந்த கணினியிலெல்லாம் புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இங்கிலாந்து அரசு மருத்துவ சேவையின் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. உங்கள் தகவல் வெளியே விலைபோக வேண்டும் என்பதில்லை. அது இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடாது என்றால், அதுவே திருடனுக்குப் போதும்.

நம்பிக்கை: நாங்கள் சின்ன கம்பெனி, எங்களை யார் தேடி வரப்போகிறார்கள்?

உண்மை: 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு எண்கள் திருடுபோயின. திருடர்கள் நுழைந்தது, பென்சில்வேனியாவில் குளிர்சாதன வேலை பார்க்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் லாகின் வழியாக. பில் அனுப்பவும் ஒப்பந்த வேலைகளைக் கவனிக்கவும் டார்கெட் கொடுத்திருந்த சாதாரண லாகின்தான் அது. உங்கள் கல்லாப்பெட்டி காலியாகவே இருக்கட்டும்; எந்தப் பெரிய வீட்டின் சாவி உங்களிடம் தொங்குகிறது என்பதுதான் கேள்வி.

நம்பிக்கை: விலை உயர்ந்த பாதுகாப்பு மென்பொருள் போட்டிருக்கிறோம்.

உண்மை: டார்கெட்டிடமும் அது இருந்தது. நவம்பர் 30 அன்று அந்த மென்பொருள் எச்சரித்தது. பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழு அதைக் கவனித்து, மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொல்லியும் விட்டது. அங்கே யாரும் அசையவில்லை. நாய் குரைத்தது, வீட்டுக்காரர் புரண்டு படுத்துக்கொண்டார். டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை தகவல் சொன்ன பிறகுதான் விழிப்பு வந்தது.

நம்பிக்கை: இன்சூரன்ஸ் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம்.

உண்மை: இங்கிலாந்தின் கேஎன்பி 158 ஆண்டுப் பழமையான சரக்குப் போக்குவரத்து நிறுவனம். சைபர் இன்சூரன்ஸும் எடுத்திருந்தது. 2023-இல் ஊழியர் ஒருவரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்தவர்கள் கணினிகளைப் பூட்டியதாகக் கருதப்படுகிறது. நிறுவனம் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். வழிவிட்டது அவருடைய பாஸ்வேர்டுதான் என்பதை அந்த ஊழியரிடம் சொல்லவில்லை என்று பின்னர் கூறினார் நிறுவன இயக்குநர்.

நாளைக் காலை அலுவலகத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். போன வருடம் வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் திறக்கிறதா? பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபைலையாவது மீட்டுப் பார்த்தது எப்போது? அக்கவுன்ட்ஸ் அறையில், மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற மஞ்சள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?