கூடத்தின் பொலிவு

வெள்ளையடித்த சுவர், வெறுந்தரை, உச்சியில் ஒற்றை விளக்கு. இத்தகைய கூடத்துள் நுழைவோர் நிற்பரேயன்றி அமரார். பொருட்குறைவு அதற்குக் காரணம் அன்று. கண்ணும் உடலும் தங்குதற்கு ஓரிடம் இன்மையே காரணம். விலையுயர்ந்த நாற்காலிகளை நிறைத்த பின்னரும் ஏதிலார் வீடுபோல் தோன்றும் கூடங்கள் பல உள அல்லவா?

கூடத்தின் நடுவே ஒரு கோரைப்பாயை விரித்தால் அக்குறை பெரிதும் நீங்கும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையை மெல்லிழையாகக் கிழித்து, ஓடும் நீரில் ஊறவைத்து, சாயந்தோய்த்து, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்கின்றனர். நுண்ணிய பாய் ஒன்று முடியப் பல நாள் ஆகும். செம்மையும் பசுமையும் ஓடும் அதன் கரை, வெறுந்தரைக்கு எல்லை வகுக்கிறது. எல்லை உண்டானவுடன் நடுவும் உண்டாகிறது. ஆதலின், பாயைச் சுவரோடு ஒட்டி விரித்தலாகாது. சுற்றிலும் ஒரு முழமேனும் தரை தெரியவேண்டும்.

உச்சிவிளக்கு கண்ணுக்குழியில் நிழல் வீழ்த்தும். அமர்ந்தவர் தோளளவில் எரியும் மஞ்சள் ஒளியோ முகத்தை மலர்விக்கும். சுண்ணாம்பிற் சிறிது காவி கலந்து பூசின் சுவரும் அவ்வொளிக்கு இசையும். படங்களை உத்தரத்தருகே மாட்டுதல் பழைய வழக்கம். தரையில் அமர்வோர் அண்ணாந்து கழுத்து நோவதே அதன் பயன்!

நெகிழிப்பாய் மலிவானதே. ஆயினும் கோடையில் அதன்மேல் உடல் வியர்க்கும். கோரையோ குளிர்ச்சி தரும். மலிவுக்கு முன் நிற்கமாட்டாமல், பத்தமடையில் கையால் நெய்வோர் அருகி வருகின்றனர்.