பவர் பட்டனைத் தொடாதே என்றது ஏன்

அன்புள்ள தம்பிக்கு,

டெபியன் லினக்ஸை 12-இலிருந்து 13-க்கு மேம்படுத்தும் நடுவில், "ஹேங் ஆயிடுச்சு சித்தி" என்று நேற்று நீ போனில் பதறியபோது, "பவர் பட்டனைத் தொடாதே, மற்றதை எழுதி அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவசரத்துக்கு அது போதும். காரணம் தெரியாமல் கேட்டுக்கொண்ட சொல் அடுத்த முறை நினைவுக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். எதை, எப்போது, ஏன் தட்ட வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். அதை உள்ளே வைக்கும் வேலையை 'டிபிகேஜி' என்ற நிரல் இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதலில் பிரித்துப் போடும். பிறகு கணினிக்கு ஏற்றபடி அமைக்கும். பிரித்துப் போடும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடாது. பக்கத்தில் தனியாக ஒரு புதுக் கோப்பை எழுதி, அது டிஸ்க்கில் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பெயரை மாற்றும். நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் பழைய கோப்பு முழுதாக இருக்கும், இல்லையென்றால் புதியது முழுதாக இருக்கும். எந்தப் பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பில் உடனுக்குடன் குறித்தும் வைக்கும். 1993-இல் ஈயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்தக் குறித்துவைக்கும் பழக்கம் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் அணைத்தால்தான் என்ன என்று கேட்பாய். கோப்புகள் தனித்தனியாக முழுதாக இருக்கலாம். ஆனால் கணினி மொத்தமும் பாதி பன்னிரண்டு, பாதி பதின்மூன்று என்று கலந்து கிடக்கும். புதிய கர்னல் வந்திருக்கும். அது கிளம்புவதற்கு வேண்டிய 'இனிட்ராம்எஃப்எஸ்' கோப்பு இன்னும் உருவாகியிருக்காது. அந்த நிலையில் அணைத்தால் திரும்ப எழுந்திருக்க மறுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது உன் கையில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா என்பதை. கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார். விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் கர்னல் உயிரோடு இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்னொரு கறுப்புத் திரை வரும். அதில் லாகின் செய்து 'டாப்' போட்டுப் பார். உன் மடிக்கணினி அண்ணனுக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்குவதும், கையேட்டுப் பக்கங்களுக்கு அட்டவணை போடுவதும் அதில் வெகுநேரம் பிடிக்கும், திரையில் ஒரு புள்ளிகூட நகராது. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் பொறுத்திரு.

விளக்கும் மினுக்கவில்லை, டாப்பிலும் அசைவில்லை என்றால், பெரும்பாலும் அது உன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இதைத்தான் பலர் கோளாறு என்று நினைத்துக் கணினியை அணைத்துவிடுகிறார்கள். புதிய பதிப்பின் மாற்றங்களைப் படித்துக்காட்ட 'ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ்' ஒரு நீண்ட பக்கத்தைத் திறந்துவைக்கும்; க்யூ எழுத்தை அழுத்தினால்தான் நகரும். நீ கைவைத்த அமைப்புக் கோப்பு ஏதாவது இருந்தால், பழையதை வைக்கவா புதியதைப் போடவா என்று கேட்கும். டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பார்க்காமல் பதில் சொல்லாதே. புரியாவிட்டால் வெறும் எண்டர் போதும், பழையதே இருக்கும். வரைகலைத் திரையில் மேம்படுத்தினால் இந்தக் கேள்வி 'விவரங்கள்' என்ற மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் இந்த வேலையைக் கறுப்புத் திரையில் செய்யச் சொல்கிறேன்.

அடுத்தது இடம். 'டிஎஃப்' கட்டளை போட்டு /பூட் பகுதியைப் பார். பழைய கர்னல்கள் சேர்ந்து அதை நிரப்பிவிட்டால், புதிய இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடமில்லாமல் எல்லாம் நின்றுவிடும். /பூட் தனிப் பகுதியாக இருந்தால் குறைந்தது 768 எம்பி அளவும் அதில் 300 எம்பி காலியும் வேண்டும் என்று டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. இப்போது ஓடும் கர்னலை விட்டுவிட்டு மற்ற பழையவற்றை நீக்கு.

இடமும் இருக்கிறது, கேள்வியும் இல்லை, ஆனாலும் ஓடவில்லை என்றால் 'டிமெஸ்ஜி' போட்டுப் பார். ஐ/ஓ எரர் என்று வரிவரியாக வந்தால் பெரும்பாலும் டிஸ்க்கே தேய்ந்துவிட்டது. அப்போது மேம்படுத்தலை மறந்துவிட்டு, பென் டிரைவில் உன் கோப்புகளைப் படியெடு. உங்கள் வயல் இருந்த வளையமாதேவியில் 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் மாற்றுக் கால்வாயை நெல் நின்ற வயலிலேயே வெட்டினார்கள். அதற்கு முன்பு உன் அப்பா எடுத்த வயல் படங்களும், பட்டாவின் ஸ்கேனும் இந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்று அக்கா சொன்னாள். டெபியனை எந்த நாளும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அந்த வரப்பை இனி யாரும் படமெடுக்க முடியாது. கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனி ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்னால் அந்தக் கோப்புறை வெளியே ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். இதில் மட்டும் நான் கண்டிப்பாகத்தான் இருப்பேன்.

இனி மீட்கும் வேலை. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை, "லாக் ஃபைலை அழித்துவிடு" என்பது. செய்யாதே. பூட்டு அந்தக் கோப்பில் இல்லை. அதைத் திறந்துவைத்திருக்கும் நிரலின் பேரில் கர்னல் போட்டிருக்கிறது. நிரல் இறந்தால் பூட்டு தானே விலகிவிடும். விலகவில்லை என்றால் யாரோ உள்ளே வேலையில் இருக்கிறார்கள் என்று பொருள். கோப்பை அழித்தால் இன்னொரு டிபிகேஜி உள்ளே புகுந்து, இருவரும் ஒரே ஸ்டேட்டஸ் கோப்பில் கைவைப்பார்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தனித்தாளில் உள்ள கட்டளையால் கண்டுபிடி. அது முடியட்டும். நெடுநேரமாகச் செத்ததுபோல் கிடந்தால், சாதாரண 'கில்' கட்டளை கொடுத்து முடித்துவை.

பிறகு 'டிபிகேஜி ஆடிட்' போடு. பாதியில் நிற்பவை எவை என்று அதுவே பட்டியல் தரும். அமைக்காமல் விட்டவற்றையெல்லாம் அமைக்கும் கட்டளை அடுத்தது. பெரும்பாலான கணினிகள் இதோடு எழுந்துவிடும். பாக்கி இருந்தால், உடைந்த சார்புகளைச் சரிசெய்யும் 'ஆப்ட்' கட்டளை. கடைசியில் முழு மேம்படுத்தலை மறுபடி ஓட்டு. விட்ட இடத்திலிருந்து தொடரும். நூற்றுக்கணக்கான நூலகங்களை நீக்கப்போவதாகப் பட்டியல் வந்தால் மிரளாதே. 32-பிட் நேரக்கணக்கு 2038 ஜனவரி 19-உடன் தீர்ந்துபோகிறது. அதற்காக டெபியன் 13-இல் பல நூலகங்களின் பெயரில் 'டி64' என்று சேர்த்திருக்கிறார்கள். பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வரும். ஆனால் உன் டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாகச் சொன்னால் 'நோ' கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடு.

நான் சொல்வதற்குள் கரண்ட் போய், கணினி எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள். ஆன் செய்ததும் வரும் 'கிரப்' பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடு. அதற்காகத்தான் ஓடும் கர்னலை விட்டுவைக்கச் சொன்னேன். அதில் ரெக்கவரி முறையில் உள்ளே போய், மேலே சொன்னவற்றை அதே வரிசையில் செய்.

இதற்கெல்லாம் நீ எதையோ தவறாகத் தட்டியதுதான் காரணம் என்று நினைக்காதே. 2024-இல், டெபியன் வழிவந்த உபுண்டுவின் 24.04.1 பதிப்பு ஆகஸ்ட் 15-இல் வரவேண்டியது. மேம்படுத்தலில் பிழைகள் கண்டு ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிவைத்தார்கள். அதை உருவாக்கியவர்களே தடுமாறும் வேலை இது. அண்ணனுக்கு வந்தபோது இந்த மடிக்கணினியில் விண்டோசுக்குப் பக்கத்தில் இருந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாக வைத்து சென்னை சி-டாக்கில் உருவானதுதான். நீ இப்போது பழகும் டிபிகேஜி அதற்கும் அப்படியே பொருந்தும்.

எங்கேயாவது முட்டினால் திரையை போட்டோ எடுத்து அனுப்பாதே. கடைசி நான்கு வரிதான் அதில் தெரியும். /வார்/லாக்/ஆப்ட் கோப்புறையில் 'டெர்ம்' என்று ஒரு பதிவு இருக்கும். அதில் 'எரர்' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடி, அதற்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி வெட்டி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். பென் டிரைவில் படங்கள் ஏறிவிட்டன என்று சொன்ன பிறகு ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
சித்தி