பாடம் 9: பறக்கக் கற்றுக்கொடுத்த பாட்டி

படிப்போம்

"பாட்டி, நான் நீச்சல் வகுப்புக்குப் போகலை. ரெண்டு பஸ் மாறணும்!" என்றாள் பேத்தி.

"ரெண்டு பஸ்தானே? ஒரு கதை சொல்றேன், கேளு" என்றார் பாட்டி.

எவலின் ஜான்சன் அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு பிறந்தார். முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு சலவைக் கடை நடத்தினார். 1944இல் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். விமானம் ஓட்டக் கற்றுத்தருவதாக அதில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 34.

விமான நிலையம் ஆற்றின் நடுவே ஒரு தீவில் இருந்தது. எவலின் ரயிலில் போனார். பிறகு பஸ்ஸில் போனார். பிறகு நடந்தார். கடைசியில் படகில் ஏறினார்!

"நாலு விதமாவா?" என்று கேட்டாள் பேத்தி.

"ஆமா. இன்னும் கேளு."

1947இல் எவலின் பயிற்சி ஆசிரியர் ஆனார். பயிற்சி விமானத்தில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மாணவர் தவறு செய்தால், ஆசிரியர் உடனே சரிசெய்யலாம். அவர் ஏறக்குறைய 5,000 பேருக்குக் கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் அவரை 'மாமா பேர்ட்' என்று அழைத்தார்கள்.

"மாமாவா?" பேத்தி சிரித்தாள்.

"அவங்க ஊர்ல மாமான்னா அம்மா. பறவை அம்மா!"

1958இல் ஒரு ஹெலிகாப்டர் அவர் கண்முன்னே விழுந்தது. அதன் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எவலின் அருகே ஓடினார். இயந்திரத்தை நிறுத்தினார். விமானி உயிர் பிழைத்தார். இந்தத் துணிவுக்காக எவலினுக்குப் பதக்கம் கிடைத்தது.

அவர் வானில் இருந்த நேரம் 57,635 மணி. அதாவது, ஆறரை ஆண்டுகள்! பெண் விமானிகளில் இது உலக சாதனை.

2006இல் ஒரு கார் விபத்தில் அவர் ஒரு காலை இழந்தார். அப்போது வயது 96. ஆனாலும், செயற்கைக் காலுடன் விமான நிலைய வேலைக்குத் திரும்பினார். 2012இல், 102ஆம் வயதில் மறைந்தார்.

பேத்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நீச்சல் பையை எடுத்தாள்.

"பாட்டி, முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

சொற்பொருள்

விமானி – விமானம் ஓட்டுபவர்
துணிவு – பயப்படாத குணம்
சாதனை – பெரிய செயல்
மறைந்தார் – இறந்தார்

பேச்சிலும் எழுத்திலும்

போகலை – போகவில்லை
சொல்றேன் – சொல்கிறேன்
மாறணும் – மாற வேண்டும்
ஊர்ல – ஊரில்

விடை எழுதுவோம்

1. எவலின் விமான நிலையத்துக்கு எப்படிப் போனார்? வரிசையாக எழுதுக.
2. பயிற்சி விமானத்தில் ஆசிரியருக்கும் ஏன் கருவிகள் உண்டு?
3. பேத்தி ஏன் மனம் மாறினாள்?

பேசுவோம்

நீ கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி வகுப்பில் ஐந்து வாக்கியம் பேசு.