நட்சத்திர என்ஜின் பிறந்த கதை

கரி என்ஜின் எப்படி ஓடுகிறது?

அடுப்பில் நிலக்கரி எரியும். கொதிகலனில் உள்ள தண்ணீர் கொதித்து நீராவி ஆகும். நீராவி சிலிண்டருக்குள் புகும். அங்கே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முன்னும் பின்னும் போய் வரும். அதோடு இணைத்த இரும்புத் தண்டு சக்கரத்தைச் சுழற்றும்.

இந்த என்ஜினை உலகுக்குத் தந்த நாடு பிரிட்டன். அங்கே கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி இருந்தது. ஸ்விண்டன் என்ற ஊரில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1902-இல் சர்ச்வர்ட் என்பவர் அங்கே என்ஜின் பிரிவின் தலைவர் ஆனார்.

விரைவு ரயில்களை இழுக்க இன்னும் நல்ல என்ஜின் வேண்டும். என்ன செய்வது? பிரான்ஸ் நாட்டு என்ஜின்களுக்கு நல்ல பெயர் இருந்தது. சர்ச்வர்ட் கம்பெனி இயக்குநர்களிடம் சொல்லி, அதில் ஒன்றை வாங்க வைத்தார். 1903-இல் அது வந்து சேர்ந்தது. அதன் பெயர் லா பிரான்ஸ். 1905-இல் இன்னும் பெரிய இரண்டு பிரெஞ்சு என்ஜின்களும் வந்தன.

'நாமே என்ஜின் செய்கிறவர்கள். வெளிநாட்டில் போய் வாங்குவதா?' என்று அவர் கௌரவம் பார்க்கவில்லை. வந்த என்ஜினை அப்படியே காப்பி அடிக்கவும் இல்லை. அதையும் தம் என்ஜினையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்.

பிரெஞ்சு என்ஜினில் இரண்டு சிறப்புகள் இருந்தன.

ஒன்று: ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவி உடனே வெளியே போகாது. வேறொரு பெரிய சிலிண்டருக்குப் போய் மறுபடியும் வேலை செய்யும். கரியை மிச்சம் பிடிக்கவே இந்த ஏற்பாடு.

இரண்டு: சர்ச்வர்ட்டின் என்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். இதில் நான்கு. ஒரு பிஸ்டன் முன்னே போகும்போது பக்கத்துப் பிஸ்டன் பின்னே வரும். அதனால் குலுக்கல் குறைவு.

முதல் ஏற்பாடு இல்லாமலே, தம்முடைய கொதிகலனை வைத்து நல்ல பலன் பெற முடியும் என்று சர்ச்வர்ட் கண்டார். அதை விட்டுவிட்டார். நான்கு சிலிண்டர்களை எடுத்துக்கொண்டார்.

1906-இல் புதிய என்ஜின் தயாரானது. அதற்கு நார்த் ஸ்டார் என்று பெயர் வைத்தார்கள். ஸ்டார் என்றால் நட்சத்திரம். அடுத்து வந்த என்ஜின்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே கிடைத்தன. எனவே இந்த வகைக்கே ஸ்டார் என்று பெயர் வந்தது. பெரிய சக்கரத்தின் உயரம் 6 அடி 8½ அங்குலம். ஆள் உயரத்தைவிட அதிகம்!

1923 வரை 73 ஸ்டார் என்ஜின்கள் செய்தார்கள். கடைசி என்ஜின் 1957-இல்தான் ஓய்வு பெற்றது. லோட் ஸ்டார் என்ற என்ஜினை மட்டும் பிரிட்டனில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய பதவியில் இருந்தவர் சர்ச்வர்ட். அவரும் அடுத்தவரிடம் கற்றார். சோதித்துப் பார்த்தார். நல்லதைக் கொண்டார், தேவையில்லாததைத் தள்ளினார். கற்பதில் வெட்கம் எதற்கு?

யோசித்துச் சொல்லுங்கள்

1. சர்ச்வர்ட் பிரெஞ்சு என்ஜினை ஏன் வாங்க வைத்தார்?
2. அதில் எதை எடுத்துக்கொண்டார்? எதை விட்டுவிட்டார்?
3. உங்கள் தொழிலில் பிறரைப் பார்த்துக் கற்றது என்ன? இரண்டு வரி எழுதுங்கள்.