கஞ்சாச் செடியும் மருந்தும் சட்டமும்

நோயுற்றார்க்கு மருந்து தேடுதல் அறமென்பதை எவரும் மறுப்பதில்லை. எனினும், மருந்தாவது எது, அதனைப் பயிரிடவும் கொணரவும் ஊட்டவும் உரிமையுடையார் யாவர் என்னும் வினாக்கள் எழுமிடத்து, அறநூலோடு சட்டநூலையும் புரட்டவேண்டியதாகின்றது. கஞ்சாச் செடியை நோயாளியின் பொருட்டு வளர்ப்போனும், நோயாளியின் அருகிருந்து பேணுவோனும் நம் நாட்டுச் சட்டத்தின்முன் எந்நிலையில் நிற்கின்றனர் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையத்தை நம்மவருட் பலர் அறிவர். ஆரோவில்லை அடுத்து, செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகளிடையே அமைந்த அவ்வூரின் கடைத்தெருவில் பல தேயத்தாரைக் காணலாம். கானடாவினின்றோ செருமனியினின்றோ வந்த ஒருவர், தம் நாட்டில் மருத்துவர் சீட்டின்பேரில் கஞ்சாவைப் பெறுதல் குற்றமன்று என்று கூறுவாராயின் அது மெய்யே. முன்னது 2001-ஆம் ஆண்டிலும் பின்னது 2017-ஆம் ஆண்டிலும் அதற்கு வழிசெய்தன. அச்சொல்லைக் கேட்ட உழவன் ஒருவன், புற்றுநோயால் வருந்துந் தன் தாய்க்காகக் கொல்லையில் இரண்டு செடி வைப்பானென்று கொள்வோம். இவன் நம் கற்பனையிற் பிறந்தவனே; அவ்வூரார் எவரையும் யாம் சுட்டினோமல்லேம்.

இவன் எண்ணம் முற்றும் அறியாமையின்பாற்பட்டதென்று தள்ளிவிடலாகாது. 1839-ஆம் ஆண்டிலேயே ஓஷானசி என்னும் மருத்துவர் கல்கத்தாவில் இச்செடியை ஆராய்ந்து, வலிப்பிலும் வாதநோயிலும் அது பயன்பட்டமையை வெளியிட்டார். 1893-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கமிஷன், ஆயிரவர்க்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுவிலக்கு வேண்டுவதன்று என மறு ஆண்டு முடிவு கூறிற்று. அண்மையில், 2018-ஆம் ஆண்டில், இச்செடியினின்று பிரித்த ஒரு சத்தைக் குழந்தைகட்கு வருங் கொடிய வலிப்புநோய் சிலவற்றிற்கு மருந்தாக அமெரிக்க அரசாங்கம் ஏற்றது. ஆனால் தூய்மையும் அளவும் சோதிக்கப்பெற்ற மருந்து வேறு. கொல்லைச் செடியைக் கசக்கிக் கொடுப்பது வேறு. இவ்வேற்றுமையை மறப்போர் நோயாளிக்கு நன்மை செய்வோரல்லர்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையைத் தழுவி, 1985-ஆம் ஆண்டில் போதைப்பொருட் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. அதன் 8-ஆம் பிரிவு, கஞ்சாச் செடியைப் பயிரிடுதலையும் கஞ்சாவை வைத்திருத்தலையும் விலக்கி, ‘மருத்துவத்திற்கும் அறிவியலுக்கும் அன்றி’ என்று ஒரு விலக்கும் தருகின்றது. நம் உழவன் இச்சொல்லளவிற் படித்து மகிழக்கூடும். ஆயின் வாக்கியம் அங்கு முடியவில்லை. சட்டமும் விதிகளும் வகுத்த முறையில், வகுத்த அளவில், வேண்டுமிடத்து லைசென்சு பெற்று என்று அது தொடர்கின்றது. மருந்து என்னுங் கருத்து மட்டும் ஒருவனைக் காவாது. அனுமதிச் சீட்டே காக்கும். அதனை அளிக்கும் அதிகாரம் 10-ஆம் பிரிவின்படி மாநில அரசாங்கத்தினது. உத்தராகண்டம் 2018-ஆம் ஆண்டு முதல் தொழிற்றுறைக்கெனச் சிலர்க்கு லைசென்சு வழங்கியதுண்டு. அச்சீட்டு வானூர் வட்டத்திற் செல்லாது.

அனுமதியின்றிப் பயிரிட்டார்க்கு 20-ஆம் பிரிவு பத்தாண்டு வரை கடுங்காவலும் ஓரிலக்கம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கஞ்சாவை வைத்திருத்தற்கு 1 கிலோவிற்குக் குறைந்தது சிற்றளவென்றும், 20 கிலோவிற்கு மேற்பட்டது வணிக அளவென்றும் படிகள் உள. சிற்றளவிற்குத் தண்டனை ஓராண்டளவே. பயிரிடுதற்கோ அப்படிகள் இல்லை. இரண்டு செடியும் பயிரே, இரண்டு காணியும் பயிரே. பூங்கொத்தின்றித் தனித்த இலையும் விதையும் சட்டத்தின்படி கஞ்சாவல்ல என்று சிலர் வாதிப்பர். அது மெய்யேயாயினும், இலைக்காக வளர்க்கும் செடியும் செடியேயாதலின் அவ்வாதம் வளர்ப்போனுக்கு உதவாது.

ஆயினும், தானே முளைத்த செடிக்காக ஒருவனைத் தண்டிப்பரோ என்று வினவலாம். உத்தரப்பிரதேசத்து அலக்ராம் வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கு விடை பகர்ந்தது. நிலத்திற் சில செடிகள் காணப்பட்டமை போதாது. குற்றஞ் சாட்டப்பட்டவனே பயிரிட்டான் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். இயற்கையாக முளைத்தது பயிரிடுதலாகாது என்பது அதன் கருத்து. நல்ல தீர்ப்பே. எனினும் பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய நம் உழவனுக்கு அதனால் வரும் ஆறுதல் யாதுமில்லை. மேலும், குற்றமனம் உண்டென நீதிமன்றம் முதற்கண் ஊகிக்கும் என்று 35-ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வூகத்தை ஐயத்திற்கிடமின்றி உடைத்தல் சாட்டப்பட்டவன் கடன்.

பேணுவோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நுகர்ந்த நோயாளிக்கு 27-ஆம் பிரிவின்படி ஆறு திங்கள் வரை சிறையோ பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ ஆகும். போதைப் பழக்கமுற்றோர் தாமே முன்வந்து அரசாங்கம் ஏற்ற மருத்துவமனையிற் சிகிச்சை பெறின் வழக்கினின்று நீங்கவும் 64ஏ பிரிவு வழி வைத்துள்ளது. தாய்க்கு வாங்கிவந்து ஊட்டிய மகளோ நுகர்ந்தவளுமல்லள், பழக்கமுற்றவளுமல்லள். ஆதலின் அவ்வழி அவளுக்கு அடைபட்டதே. கைக்கொண்டமையும் கொடுத்தமையுமே அவள்மேல் நிற்குங் குற்றங்கள். உடன்பட்டு உதவியோர்க்கு 29-ஆம் பிரிவு செய்தவனுக்குரிய தண்டனையையே தருகின்றது. நிலம் தாயின் பெயரில் இருந்து, அவள் அறிந்தே இடங்கொடுத்திருப்பின், நோயுற்ற அம்மூதாட்டியும் 25-ஆம் பிரிவிற் சிக்குவாள். தன் நிலத்திற் களவாகப் பயிரிடப்பட்டதை அறிந்த நிலவுடையான் அதனை உடனே அதிகாரிகட்கு அறிவிக்கவேண்டுமென்பது 46-ஆம் பிரிவு. ஊர் அலுவலர்க்கும் அக்கடமை உண்டு.

குயிலாப்பாளையத்திற்குச் சிறிது தொலைவிலேயே புதுச்சேரி எல்லை வருகின்றது. மதுவின் விலையும் விதியும் அவ்வெல்லையில் மாறுதலைக் கண்டு பழகியோர் கஞ்சாவுக்கும் அவ்வாறே என மயங்கலாம். இச்சட்டம் இரு புறத்தும் ஒன்றே. வடநாட்டுச் சில நகரங்களில் அரசாங்க லைசென்சுடன் பாங்குக் கடை நடத்தலும் அவ்வம் மாநிலத்தோடு நிற்பது.

மேலைநாட்டு வழிகளும் முள்ளில்லாதனவல்ல. கலிபோர்னியா 1996-ஆம் ஆண்டிலேயே நோயாளிக்கும் பேணுவோர்க்கும் வளர்க்கும் உரிமை தந்தது. ஆனால் ஒரு நோயாளி தன் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை 2002-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் வந்து அழித்தனர். மாநில அனுமதி மத்தியச் சட்டத்தைத் தடுக்காது என்று 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ரெய்ச் வழக்கில் தீர்த்தது. செடியைக் கொடுத்தமையால் மட்டும் ஒருவன் பேணுவோனாகிவிடான். அதற்கு முன்னரே நோயாளியின் உறையுளையோ உடல்நலத்தையோ தொடர்ந்து காத்தவனாயிருத்தல் வேண்டுமென்று கலிபோர்னிய நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் வரையறுத்தது. இவ்வரையறையை யாம் பெரிதும் மெச்சுகின்றோம். வணிகனையும் மகனையும் பிரித்தறியும் இத்தகைய அளவுகோல் நம் சட்டத்தில் இல்லை.

சட்டம் இளகாததுமன்று. 1985-க்குப் பின் மார்பினைப் பெறுதற்குப் பல லைசென்சுகள் வேண்டியிருந்தமையால், புற்றுநோயாளர் பலர் வலியோடே மாண்டனர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்றியமையா மருந்துகள் என ஒரு வகுப்பை ஏற்படுத்தியது. மார்பின் முதலிய ஆறு மருந்துகள் அதனுட் சேர்க்கப்பட்டன. ஏற்பளிக்கப்பெற்ற மருத்துவமனைகள் அவற்றை ஒரே முறையில் பெற இயலும். நம் உழவனின் தாய்க்கு வலி தணிய வேண்டுமாயின், புதுச்சேரி ஜிப்மருக்கோ ஏற்புடைய வேறு மருத்துவமனைக்கோ அவளை அழைத்துச் சென்று மார்பின் கேட்டல் இன்று சட்டம் திறந்துவைத்துள்ள வழி. கஞ்சா அவ்வாறனுள் ஒன்றன்று. அதன் இலை சேர்ந்த ஆயுர்வேத மருந்தை நாடுவோர், லைசென்சு பெற்ற சாலையிற் செய்யப்பட்டதையே மருத்துவர் சீட்டுடன் வாங்கி, அச்சீட்டையும் விலைச்சீட்டையும் மருந்து தீருமளவும் உடன்வைத்திருத்தல் வேண்டும்.