பழைய பிக்கப் லாரியின் முன்னச்சும் பிரேக்கும்

ஒரு வண்டிக்கு ஓடும் வலிமையை அளித்தல் எளிது. ஓடுகின்ற வண்டியை வேண்டியபோது வேண்டிய இடத்தில் நிறுத்துதலே அரிது. இயந்திரக் கலை பயில்வார் அனைவரும் இவ்வுண்மையை ஒப்புவர். ஆயினும் செயலில் அதனைப் போற்றுவோர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுவோர் மேற்கொள்ளும் ஒரு வேலையைச் சான்றாகக் கொண்டு, இதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம். அவ்வேலையாவது, பழைய பிக்கப் லாரியின் முன்னச்சையும் வில்லையும் பிரேக்கையும் நீக்கிவிட்டு, அவற்றினிடத்தே பிற்காலத்து உறுப்புக்களை அமைத்தலாம்.

போர்டு கம்பெனியார் 1953 முதல் 1956 வரை செய்து விற்ற எப்-100 என்னும் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 110 அங்குலம். முன்புறத்தே, இரு சக்கரங்களையும் இணைத்து நிற்பது ஒரே எஃகு அச்சு. அதனை இருபுறமும் பட்டைவில்கள் தாங்குகின்றன. இவ்வமைப்பு உறுதியானது, பழுது பார்த்தற்கும் எளியது. ஆனால் ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறுமாயின், கட்டைவண்டியின் அச்சைப் போலவே இவ்வச்சும் ஒருங்கே சாயும். பள்ளம் மேடு காணாத மற்றைச் சக்கரமும் உடன் சாயும். பிரேக்கோவெனின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே. அந்நாட்டு மாநிலங்களை இணைக்கும் விரைவுப் பெருஞ்சாலைகளுக்கு வழிவகுத்த சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஆகவே, இவ்வண்டி அச்சாலைகளின் வேகத்தை எதிர்நோக்கிச் செய்யப்பட்டதன்று.

வேகம் மிகுதலால் வரும் கேடு யாது? ஓடும் பொருளின் ஆற்றல், வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும் லாரி 60 மைல் வேகத்தில் ஓடுமாயின், அதன் ஆற்றல் இருமடங்கன்று, நான்மடங்காம். அவ்வாற்றல் முழுவதையும் பிரேக்கு வெப்பமாக மாற்றல் வேண்டும். டிரம் சூடேறியபோது விரிந்து, உள்ளிருக்கும் கட்டைகளை விட்டு அகலும், உராய்வும் குறையும், காற்பலகை தாழ்ந்துகொண்டே போகும். டிஸ்க் பிரேக்கிலோ தட்டு காற்றில் வெளிப்பட்டு நிற்றலின் விரைவில் ஆறும். விரிந்தாலும் இருமருங்கும் பற்றும் கட்டைகளை விட்டு அகலாது. பழைய லாரியில் வலிய எஞ்சினைப் பொருத்துவோர் முன்சக்கரப் பிரேக்கை மாற்றவேண்டுவதன் காரணம் இதுவே.

முன்னமைப்பை மாற்றுவோர் பலரும் நாடுவது, 1974 முதல் 1978 வரை வெளிவந்த மஸ்டாங்-2 என்னும் போர்டு காரின் அமைப்பைத் தழுவியது. அதில் ஒரே அச்சு இல்லை. ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் தாங்கப்பெற்று, சுருள்வில்லின்மேல் தனித்தனியே அசையும். ஸ்டீயரிங்கும் பற்சட்டத்தால் இயங்கும். ஆனால் அந்தக் கார் சிறியது. ஆதலின் இக்காலத்தார் அவ்வடிவத்தை மட்டும் கொண்டு, லாரியின் எடைக்கேற்ற தடித்த கைகளும், 11 அங்குலத் தட்டுக்களும், வலிய வில்களும் அமைத்துக் கொள்வர்.

இவ்வேலையிற் கவனிக்கத்தக்கவை சிலவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, அளவு. பழைய அச்சைக் கழற்றுமுன், சக்கரத்தின் நடுப்புள்ளியைச் சட்டத்தின்மீது குறித்துக்கொள்ளல் வேண்டும். மறந்தால், சக்கரம் மட்கார்டின் வளைவில் முன்னோ பின்னோ விலகி நிற்கும். மேலும், வேலை முடிந்தபின் வண்டி எந்தச் சாய்வில் நிற்குமோ அச்சாய்வில் சட்டத்தை நிறுத்தியே புதிய குறுக்குச்சட்டத்தைப் பற்றவைத்தல் வேண்டும். இல்லையேல் சக்கரத்தைத் தானே நேர்வழிக்குத் திருப்பும் கோணம் பிழைபடும்.

இரண்டாவது, சட்டத்தின் வலிமை. பழைய வில், சுமையை முன்னும் பின்னுமாக இரண்டிடங்களிற் பகிர்ந்து சட்டத்தின்மேல் ஏற்றியது. புதிய குறுக்குச்சட்டம் அச்சுமை முழுவதையும் ஓரிடத்திற் குவிக்கின்றது. எப்-100 வண்டியின் சட்டமோ ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போன்றது. முறுக்குவிசைக்கு எளிதில் இணங்கும். ஆகையால் அத்திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டிபோலாக்கிய பின்னரே புதிய உறுப்பை ஏற்றல் தகும்.

மூன்றாவது, ஸ்டீயரிங்கு. பற்சட்டத்தின் பக்கக் கோல்கள், சக்கரக் கைகளோடு ஒத்த வளைவில் ஏறி இறங்கவேண்டும். ஒவ்வாதபோது, ஓட்டுவோன் திருப்பாமலே ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானே திரும்பும். இக்குற்றம் மெதுவாகச் செல்லும்போது தோன்றாது, விரைவிலேதான் வெளிப்படும். அதனாலேயே அது கொடியது.

நான்காவது, சக்கரத்தின் துளை. எப்-100 வண்டியின் சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகள் 5.5 அங்குல வட்டத்தில் நிற்கும். இப்புதிய அமைப்புக்களிலோ 4.5 அங்குல வட்டமே பெரிதும் வழங்குவது. பின்னச்சையும் அவ்வளவுக்கு மாற்றாவிடின், முன்சக்கரம் பின்னுக்கு உதவாது. உபரிச்சக்கரம் ஒன்றே கொண்டு செல்வோன் நடுவழியில் இடர்ப்படுவான்.

இனிப் பிரேக்கைக் காண்போம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்துச் செலுத்திய அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய விதி. பழைய எப்-100 வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறையுடையது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால், அவ்வழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் ஒருங்கே இல்லையாம். ஆதலின் முன்சக்கரங்களுக்கு ஓர் அறையும் பின்சக்கரங்களுக்கு ஓர் அறையுமுடைய மாஸ்டர் சிலிண்டரை வைத்தலே முதற் கடமை. ஒன்று பழுதுறினும் மற்றது வண்டியை நிறுத்தும்.

டிரம்மில், சுழலும் டிரம்மே முன்கட்டையை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். ஓட்டுவோன் காலுக்கு அஃது ஒரு துணை. டிஸ்கில் அத்துணை இல்லை. எனவே பலர் எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டரைச் சேர்ப்பர். மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகையின் கீழ் இருக்குமாயின், திரவம் பின்வாங்காதிருத்தற்குச் சதுர அங்குலத்திற்கு 2 இராத்தல் அழுத்தம் காக்கும் வால்வு டிஸ்கிற்கும், 10 இராத்தல் காக்கும் வால்வு டிரம்மிற்கும் வைப்பது வழக்கம்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுளது. பிரேக்கை அழுத்தியவுடன் வண்டியின் எடை முன்னோக்கிச் சாயும், பின்சக்கரங்கள் இலேசாகும். பிக்கப்பின் பின்தட்டில் சுமையில்லாதபோது இது மிகும். அந்நிலையில் பின்பிரேக்கு முந்திப் பற்றுமாயின், பின்சக்கரம் பூட்டி வழுக்கும், வண்டி சுழலும். ஆதலாற் பின்குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை வைத்து, ஆளரவமற்ற வெளியில், சுமையின்றி, குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாகச் சோதித்து, முன்சக்கரம் முந்திப் பூட்டுமாறு அதனைத் திருத்துதல் வேண்டும். அழகிய புதிய தட்டுக்களை முன்னே பொருத்திவிட்டு, இச்சோதனையைச் செய்யாது தெருவுக்கு வருவோன், தன் உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் பணயம் வைப்பவனாவான்.

அற்றேல், பழைய அச்சை முற்றும் துறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா என்பதே நமது துணிபு. தேய்ந்த கிங்பின்களை மாற்றி, வில்களைச் செப்பனிட்டு, அந்த அச்சிலேயே டிஸ்க் பிரேக்கைப் பொருத்தற்கு ஏற்ற உறுப்புக்கள் இன்று கிடைக்கின்றன. மிதமான வேகத்தில் ஓட்டுவோர்க்கு அதுவே அமையும். சட்டத்தை வெட்டவும் வேண்டுவதில்லை. வண்டியின் பழந்தன்மையும் கெடாது. பணம் குறைவாயின், முதலில் ஈரறை மாஸ்டர் சிலிண்டரும் புதிய குழாய்களும், அடுத்து முன் டிஸ்குகளும், அதன்பின் புதிய முன்னமைப்பும், இறுதியில் வலிய எஞ்சினும் எனக் கொள்வதே நேரிய வரிசை. பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி எஞ்சினிலிருந்து தொடங்குகின்றனர். பிரேக்கிற்கு வரும்போது பணமும் தீர்ந்துவிடும், பொறுமையும் தீர்ந்துவிடும்.

மாணவர்காள்! ஓர் இயந்திரத்தின் உறுப்புக்கள் தனித்தனியே நிற்பனவல்ல. முன்னச்சை மாற்றினால் சட்டமும், சட்டத்தை மாற்றினால் ஸ்டீயரிங்கும், டிஸ்கை வைத்தால் மாஸ்டர் சிலிண்டரும் பின்பிரேக்கும் உடன் நோக்கப்படல் வேண்டும். விலைகொடுத்து வாங்கிய உறுப்பை முடுக்கியதோடு வேலை முடிந்ததாகாது. நான்கு சக்கரங்களும் தம் பங்கைத் தவறாது தாங்கி, வண்டி நேர்வழியில் அமைதியாய் நிற்கும்போதே அது முடிந்ததாகும். ஒரு கருவியை மாற்ற விழைவோர், அதனோடு இணைந்த யாவற்றையும் முன்னரே எண்ணிப் பார்த்துக் கைவைப்பாராக.