பினாங்கின் ஆளுநர்கள்: அன்று யாருக்குப் பதில் சொன்னார்கள், இன்று யாருக்கு?

இந்த மாதப் பாடம் நம்ம மாநில வரலாறு. லைட் ஸ்ட்ரீட், லீத் ஸ்ட்ரீட், ஃபர்குவார் ஸ்ட்ரீட், வெல்ட் கீ, ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்று ஜார்ஜ்டவுனில் தினமும் சொல்றோம். எல்லாமே இந்தத் தீவை நிர்வாகம் செய்தவர்களின் பெயர்கள்தான். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்க: இவரை நியமித்தது யார்? இவர் யாருக்குப் பதில் சொன்னார்?

1. கம்பெனி காலம்

1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டார். பலரும் நினைக்கிற மாதிரி அவர் ஆளுநர் இல்லை, கண்காணிப்பாளர். 1794-இல் இறக்கும்வரை அந்தப் பதவிதான்.

1800-இல் ஜார்ஜ் லீத் துணை ஆளுநராக வந்தார். அதே ஆண்டு கெடாவிடமிருந்து செபெராங் பிறை கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டு, இன்று நாம் கும்பிடும் லெபோ குயின் மாரியம்மன் கோவிலின் நிலம், தென்னிந்தியர்களின் கப்பித்தானாக இருந்த பெட்டி லிங்கம் செட்டியிடம் வழங்கப்பட்டது.

1805-இல் வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்து பினாங்கு நான்காவது மாகாணமானது. முதல் ஆளுநர் பிலிப் டண்டாஸ். அவருடன் உதவிச் செயலாளராக வந்த இளைஞர்தான், பின்னாளில் சிங்கப்பூரில் புகழ்பெற்ற ராஃபிள்ஸ். இவர்கள் அனைவரும் பதில் சொன்னது கம்பெனிக்கு மட்டுமே.

2. நீரிணைக் குடியேற்றங்கள்

1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆளுநரின் கீழ் வந்தன. முதலில் தலைநகர் பினாங்குதான். 1832-இல் அது சிங்கப்பூருக்குப் போனது. 1867 ஏப்ரல் 1 முதல் ஆளுநரை நேரடியாக லண்டன் அனுப்பியது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இந்தக் காலத்தில் உண்டு. ஜான் ஆண்டர்சன் ஆளுநராக இருந்தபோது, 1905-இல், முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டம் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பினாங்கு இந்து அறப்பணி வாரியம். கோவில் சொத்து பற்றிய சட்டம். ஆனால் அதை இயற்றியவர்களை நம் முன்னோர் யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை.

3. மெர்டேக்காவுக்குப் பிறகு

1957-இல் துன் ராஜா ஊடா சுதந்திர பினாங்கின் முதல் ஆளுநரானார். 2001 முதல் 2021 வரை இருந்த துன் அப்துல் ரஹ்மான் அப்பாஸ்தான் நீண்ட காலம் பதவி வகித்தவர். 2025 மே 1 முதல் துன் ரம்லி ஙா தாலிப்.

அரச பரம்பரை ஆட்சியாளர் இல்லாத மாநிலங்கள் நான்கு: பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக். இவற்றின் தலைவருக்கு யாங் டி பெர்துவா நெகிரி என்று பெயர். முதலமைச்சருடன் கலந்து பேசிய பிறகு மாமன்னர் அவரை நியமிக்கிறார். தவணை நான்கு ஆண்டு; மறுபடியும் நியமிக்கலாம். ஆட்சியாளர் மாநாட்டில் அவர் உறுப்பினர். ஆனால் மாமன்னரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு கிடையாது.

பெரும்பாலான காரியங்களில் அவர் மாநில ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். இரண்டு முக்கிய இடங்களில் சொந்த முடிவு உண்டு: முதலமைச்சரை நியமிப்பது, சட்டமன்றத்தைக் கலைக்கச் சம்மதிக்காமல் இருப்பது. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் மாதிரி. சாதாரண நாளில் அது இருப்பதே தெரியாது. கோளாறு வந்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

4. நமக்கு இதில் என்ன?

முதலமைச்சரை நியமிக்கும்போதும் ஆளுநர் இஷ்டப்பட்டவரைப் போட முடியாது. 40 பேர் கொண்ட சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கும் என்று பார்க்க வேண்டும். அந்த 40 பேரை அனுப்புவது நாம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். டண்டாஸ் காலத்தில் இந்தத் தீவு மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். ஓட்டுப் போடும் நாளில் வீட்டில் தூங்கினால், கேட்டவருக்கு நாமே பதில் சொல்லாமல் விட்டதாக அர்த்தம்.

கலந்துரையாட:
1. உங்கள் வட்டாரத்தில் எந்தச் சாலைக்கு ஆளுநர் பெயர் இருக்கிறது?
2. உங்கள் சட்டமன்றத் தொகுதி எது? உறுப்பினர் யார்?
3. நியமிக்கப்பட்டவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் என்ன வித்தியாசம்?